பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்

கேள்வி: எங்கள் அடுக்ககத்தின் ஸ்டில்ட் தளத்தில் (தூண்கள் மட்டும் நிற்கும் தரைத்தளம்) பத்து கார்கள் நிற்கின்றன. நாங்களே பார்க்கிங் கோடு போடலாமா?

தாராளமாக. ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம் என்பது கட்டட விதிகளின் கணக்கு. பெயின்ட் அடிப்பது அரை நாள் வேலை. அளப்பதற்குத்தான் முழு நாள் வேண்டும். பக்கச் சுவரை நம்பி அளக்காதீர்கள். எங்கள் குடியிருப்பில் நான் அப்படித்தான் தொடங்கினேன். சுவரே கோணல் என்பது ஏழாவது கோட்டில்தான் தெரிந்தது. கடைசிக் கட்டம் ஒரு முனையில் ஒரு சாண் குறுகிப்போயிருந்தது.

மூலையிலிருந்து ஒரு பக்கம் 6 அடி, மறுபக்கம் 8 அடி அளந்து குறியிடுங்கள். குறிகளுக்கிடையே குறுக்கே 10 அடி வந்தால் மூலை மட்டம் சரி. பிறகு கொத்தனார் செய்வதுபோல நூலில் காவிப்பொடி தடவி, இரு முனைகளையும் இழுத்துப் பிடித்து, நடுவில் தூக்கிச் சுண்டிவிடுங்கள். கோடு பளிச்சென்று விழும். 10 செ.மீ. இடைவெளி விட்டு இருபுறமும் டேப் ஒட்டுங்கள். அடிப்பதற்கு முன் ஒரு காரை நிறுத்தி, நான்கு கதவுகளையும் திறந்து பாருங்கள். தூண் இடிக்கிறதா என்பது காகிதத்தில் தெரியாது.

கேள்வி: சுவருக்கு அடித்த எமல்ஷன் மிச்சமிருக்கிறது. அதையே அடிக்கலாமா?

கூடாது. ஓடிவந்த டயரின் சூட்டில் ஒட்டிக்கொண்டு உரிந்து வரும். எனாமலும் வேண்டாம், ஈரம் பட்டால் பைக் வழுக்கும். கடையில் ரோடு மார்க்கிங் பெயின்ட் என்று கேளுங்கள். அதற்குரிய தர எண் ஐ.எஸ். 164. நெடுஞ்சாலையில் 200 டிகிரி அளவுக்குச் சூடாக்கி இழுக்கும் தெர்மோபிளாஸ்டிக் நம் கைக்கான வேலை அல்ல.

கேள்வி: போன வருடம் போட்ட கோடு ஆங்காங்கே உரிகிறது.

அந்த இடங்களில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் எண்ணெய் ஊறியிருக்கிறது. மரத்தூள் போட்டு உறிஞ்சவிட்டு, சலவைத்தூளும் கம்பி பிரஷும் கொண்டு தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். புதுக் கான்கிரீட் என்றால் 28 நாள் பொறுக்கவேண்டும். ஐப்பசி மழையில் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

கேள்வி: பழைய கோட்டைக் கறுப்பு பெயின்ட் அடித்து மறைக்கலாமா?

இரவில் ஹெட்லைட் பட்டால் அதுவும் கோடாகவே மின்னும். தேய்த்து எடுப்பதே சரி.

கேள்வி: என் இடத்துக்கு மட்டும் நானே கோடு போட்டுக்கொள்ளலாமா?

ஸ்டில்ட் பார்க்கிங்கைத் தனிச் சொத்தாக பில்டர் விற்க முடியாது என்று 2010-இல் ஒரு மும்பை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே ‘என் இடம்’ என்பதிலேயே வம்பு தொடங்கலாம். சங்கக் கூட்டத்தில் வரைபடத்தை வைத்து, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிய பிறகு நூலை எடுங்கள்.