காண்டர்ஸ்டெக் சாரணர் முகாமுக்குப் பையன் போகிறான்: எதிலிருந்து ஆரம்பிப்பது?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. பள்ளி சாரணர் குழுவோடு அடுத்த ஜூலையில் சுவிட்சர்லாந்தின் காண்டர்ஸ்டெக் முகாமுக்குப் பத்து நாள் போகிறான். டென்ட்டில்தான் தங்கல். நாங்கள் திருச்சி, குளிர் பழக்கமே இல்லை, சுத்த சைவம் வேறு. வெயில்காலம்தானே, ஒரு ஸ்வெட்டர் போதும் என்கிறார்கள் சிலர். இன்னும் சிலர் கொடுத்த பட்டியலைப் பார்த்தால் கடையையே வாங்க வேண்டும் போலிருக்கிறது. எதை வாங்குவது, எதை விடுவது?

பதில்: கடைக்குப் போவதற்கு முன்னால் பையனின் பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். நம் நாட்டில் சிறுவர்களுக்குப் பெரும்பாலும் ஐந்து வருட பாஸ்போர்ட்தான் தருகிறார்கள், ஒன்பது வயதில் எடுத்திருந்தால் சரியாக இந்த நேரத்தில்தான் காலாவதியாகும். சுவிட்சர்லாந்துக்கு எடுக்க வேண்டியது ஷெங்கன் விசா, ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான விசா அது. அதற்கு, அந்த நாடுகளை விட்டுக் கிளம்பும் தேதிக்குப் பிறகும் பாஸ்போர்ட் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு 15 நாள். அந்தக் கெடுவை நம்பாதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் கோடைப் பயணக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வருவதால் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பாடு. பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம், பிறப்புச் சான்றிதழ் இரண்டையும் இப்போதே தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் ஒரு எழுத்து, பிறப்புச் சான்றிதழில் வேறு எழுத்து என்று பெயர் மாறியிருந்தால் அதைத் திருத்தவே மாதக்கணக்கில் ஆகலாம்.

மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும் என்பது விசா விதி. மலையேற்றத்தையும் மலை மீட்பையும் அது சேர்த்துக்கொள்கிறதா என்று பாலிசியைப் படித்துப் பாருங்கள். பல பாலிசிகளில் சாகச விளையாட்டு என்று சொல்லி நீக்கியிருப்பார்கள், இந்த முகாமுக்குப் போகிறவர்கள் நடப்பதோ மலையில்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம். காண்டர்ஸ்டெக் சர்வதேச சாரணர் மையம் 1923 முதல் இயங்குகிறது. பெர்ன் மாநில மலைப்பகுதியில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரம். பகலில் வெயில் சுளீரென்று அடிக்கும், மழை பிடித்தால் ஒரு மணி நேரத்தில் சட்டென்று குளிர்ந்துவிடும், இரவில் பத்து டிகிரிக்குக் கீழேயும் இறங்கும். ஊட்டியின் டிசம்பர் இரவில் டென்ட் போட்டுப் படுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதனால் ஒரு ஸ்வெட்டர் போதும் என்பது சரியில்லை, முழுக் கடையும் தேவையில்லை.

பணத்தைப் போட வேண்டியது நான்கு பொருள்களில்: ஸ்லீப்பிங் பேக், தரையில் விரிக்கும் மேட், மழை ஜாக்கெட், ஷூ. ஸ்லீப்பிங் பேக்கின் லேபிளில் இரண்டு மூன்று வெப்பநிலை போட்டிருக்கும். கடைக்காரர் பெருமையாகக் காட்டும் மைனஸ் எண் பெரும்பாலும் உயிர் பிழைக்கும் எல்லை, அந்தக் குளிரில் யாரும் தூங்க முடியாது. ‘கம்ஃபர்ட்’ என்று போட்ட எண்ணைத்தான் பார்க்க வேண்டும், அது ஐந்து டிகிரி அல்லது அதற்கும் கீழே இருக்கட்டும். அதைவிட முக்கியம் மேட். உடம்புச் சூட்டைத் தரைதான் அதிகம் இழுக்கும், படுத்திருக்கும் பக்கத்தில் ஸ்லீப்பிங் பேக்கின் பஞ்சும் நசுங்கிவிடும். நல்ல பேக் வாங்கிவிட்டு மேட்டை மறந்த பிள்ளைகள்தான் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்திருப்பார்கள். சென்னை, பெங்களூரில் இவை வாடகைக்கும் கிடைக்கும்.

ஜீன்ஸ் வேண்டாம். ஒருமுறை நனைந்தால் அங்கே இரண்டு நாளானாலும் காயாது, போட்டுக்கொண்டால் குளிர் எலும்புக்குப் போகும். விளையாட்டுக்குப் போடும் பாலியஸ்டர் டிராக் பேன்ட், டிஷர்ட், அதன் மேல் ஃப்ளீஸ் (மெத்தென்ற செயற்கை இழைக் கம்பளிச் சட்டை), அதற்கும் மேல் மழை ஜாக்கெட், இவ்வளவுதான். ஷூவை இப்போதே வாங்கி பள்ளிக்கும் கடைக்கும் அதையே போட்டுப் பழகட்டும். புது ஷூவோடு விமானம் ஏறினால் காண்டர்ஸ்டெக்குக்கு மேலே மலையில் இருக்கும் ஓஷினன் ஏரிக்கு ஏறுவதற்குள் குதிகால் கொப்பளித்துவிடும். குதிகாலில் சூடு தெரிகிறபோதே நின்று டேப் ஒட்ட வேண்டும், கொப்புளம் வந்தபின் ஒட்டிப் பெரிய பயனில்லை. இதைப் பையனுக்குச் சொல்லிக்கொடுங்கள். மற்றவர்களை நிறுத்திவைக்கக் கூச்சப்பட்டுக்கொண்டே நடந்துவிடுவார்கள் இந்த வயதில்.

அப்புறம் ஒரு விஷயத்தை நான் எல்லாப் பெற்றோரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்வேன்: பையை நீங்கள் அடுக்காதீர்கள். அம்மா அழகாக அடுக்கிக் கொடுத்த பையோடு வரும் பிள்ளைக்கு எது எங்கே இருக்கிறது என்றே தெரியாது. மழையில், இருட்டில், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு காய்ந்த சாக்ஸைத் தேடி மொத்தப் பையையும் ஈரத் தரையில் கொட்டிவிடுவான், அதோடு எல்லாமே நனைந்துவிடும். அவனையே அடுக்கச் சொல்லுங்கள். உள்ளே ஒரு பெரிய, தடித்த பிளாஸ்டிக் கவர் போட்டு அதற்குள் எல்லாம். இரவில் போடும் முழுக்கை பனியன், பேன்ட், கம்பளி சாக்ஸ், குல்லா இந்த நான்கையும் தனியாக ஒரு ஜிப் கவரில் வைத்து, முழங்காலால் அழுத்திக் காற்றை வெளியேற்றி மூடட்டும். அந்தக் கவர் தூங்கும்போது மட்டும்தான் திறக்கும், பகலில் எவ்வளவு குளிர்ந்தாலும் கை வைக்கக் கூடாது. எல்லாம் நனைந்த நாளிலும் ராத்திரி காய்ந்த துணியில் படுத்துவிட்டால் மறுநாள் பையன் தெம்பாக எழுந்துவிடுவான். அடுக்கி முடித்ததும் பையை முதுகில் மாட்டி மொட்டை மாடி வரை ஏறி இறங்கட்டும், மூச்சு வாங்கினால் எதை எடுத்து வெளியே வைப்பது என்று அவனுக்கே தெரியும்.

முடிந்தால் டிசம்பரில் ஊட்டியோ கொடைக்கானலோ குழுவாகப் போய், அனுமதியுள்ள இடத்தில் ஒரு ராத்திரி டென்ட்டில் படுக்க வைக்கச் சொல்லி சாரணர் மாஸ்டரிடம் கேளுங்கள். ஒரே ராத்திரியில் எது போதவில்லை என்று தெரிந்துவிடும்.

சாப்பாடு. டென்ட்டில் தங்கும் குழுக்கள் பெரும்பாலும் தாங்களே சமைப்பதால் சைவம் பெரிய சிக்கல் இல்லை. உப்புமா, எலுமிச்சை சாதம், பருப்பு சாதம் மூன்றையும் சின்ன கேஸ் அடுப்பில் அவன் கையால் செய்யப் பழக்குங்கள். சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் தாராளமாகக் கொடுத்துவிடலாம். நெய், பால்கோவா கொடுக்காதீர்கள், ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து பால் பொருள், இறைச்சி கொண்டுபோக சுவிட்சர்லாந்தில் தடை. பச்சைக் கறிவேப்பிலைக்கும் அதே கதிதான், செடி, காய்கறி வகைக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். கடையில் வாங்கும் சூப் கட்டிகளில் மாட்டிறைச்சிச் சாறும், ஜெல்லி மிட்டாய்களில் ஜெலட்டினும் (விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது) இருக்கக்கூடும். ‘வெகெட்டாரிஷ்’ என்று ஜெர்மனில் போட்டிருந்தால் சைவம். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். ‘கைன் டிரிங்க்வாஸர்’ என்று பலகை இருந்தால் மட்டும் அது குடிநீர் இல்லை.

சின்னச் சின்னதாகச் சில. சன்ஸ்கிரீன், கறுப்புக் கண்ணாடி, உதட்டு களிம்பு மூன்றும் வேண்டும், மாநிறத் தோலும் மலை வெயிலில் காந்தும். புல்வெளியில் நடந்துவிட்டு வந்தால் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு என்று உண்ணி கடித்திருக்கிறதா பார்க்க வேண்டும், லைம் காய்ச்சல் அதனால்தான் வருகிறது. நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும். பவர் பேங்க் கைப்பையில்தான், கத்தி செக்-இன் பெட்டியில்தான். நம் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது, சாதாரண இரண்டு முள் சார்ஜர் நுழையும். மாற்றிக்கொள்ள குழுவின் பேட்ஜும் ஸ்கார்ஃபும் கூடுதலாக எடுத்துப்போகட்டும். பேட்ஜ் மாற்றுவதில்தான் பாதி நட்பு தொடங்கும்.

மருந்து ஏதாவது வழக்கமாகச் சாப்பிடுகிறான் என்றால் ஒரு மாதத்துக்கு மேற்படாத அளவு, டாக்டர் சீட்டோடு, மருந்தின் வேதிப்பெயரும் எழுதி மாஸ்டர் கையில் கொடுங்கள். வீஸிங், ஒவ்வாமை, படுக்கையில் சிறுநீர் போவது எதையும் மறைக்காதீர்கள், முன்னாலேயே தெரிந்தால் மாஸ்டர் யாருக்கும் தெரியாமல் சமாளித்துக்கொடுப்பார். அங்கே அவசர எண் 112, ஆம்புலன்ஸ் 144, மலை மீட்பு ஹெலிகாப்டர் 1414. போனில் மட்டும் பதிந்தால் போதாது, ஒரு அட்டையில் எழுதி மழை ஜாக்கெட் பாக்கெட்டில் வைக்கச் சொல்லுங்கள்.

தினம் ராத்திரி போன் பண்ணச் சொல்லாதீர்கள். நம் குரல் கேட்டதும்தான் பிள்ளைகளுக்கு வீட்டு ஞாபகம் பொங்கும், அதுவும் அலுத்துப்போன நேரத்தில். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அங்கே மதியம் ஒன்றரை என்றால் நமக்கு மாலை ஐந்து.