பத்து நாளும் இருபத்தைந்து குதிப்புகளும்: கடிதம்

அன்புள்ள ஐயா,

அரிசோனாவில் வான்குதிப்பு கற்றது பற்றி நீங்கள் எழுதிய பயணக் குறிப்புகளை வாசித்தேன். சென்ற ஆண்டு அலுவலக வேலையாகத் துபாய் சென்றபோது டேண்டம் முறையில் ஒருமுறை குதித்தேன். பயிற்றுநரின் உடலோடு கட்டப்பட்டு ஒரு நிமிடம் விழுந்ததுதான். ஆனால் அன்றிலிருந்து வேறு நினைப்பே இல்லை. தனியாகக் குதிப்பதற்கான உரிமத்தைப் பெற்றுவிடுவது என்று முடிவுசெய்து, வரும் ஜூலையில் பத்து நாள் விடுப்புக் கேட்டிருக்கிறேன். ‘ஏ’ உரிமத்துக்கு 25 குதிப்புகள் தேவை என்கிறார்கள். நாளுக்கு மூன்று வீதம் ஒன்பது நாளில் முடிந்துவிடும், ஒரு நாள் மிச்சம் என்பது என் கணக்கு. இது சரிதானா? இதற்காக அமெரிக்கா வரை போகத்தான் வேண்டுமா? வீட்டில் அம்மா, “இருப்பது ஓர் உயிர், அதைக் காசு கொடுத்துக் கீழே போடணுமா?” என்று கேட்கிறார். அவருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அன்புடன்,
க., கோயம்புத்தூர்

அன்புள்ள க.,

உங்கள் வகுத்தலில் பிழையில்லை. ஆனால் அந்தக் கணக்கில் காற்று இல்லை.

நான் முதன்முறை அரிசோனாவின் ஈலாய்க்குச் சென்றது ஒரு ஜனவரியில், கையில் பதினான்கு நாள் வைத்துக்கொண்டு. ஃபீனிக்ஸுக்கும் டூசானுக்கும் நடுவே பருத்தி வயல்களும் பாலையுமாகக் கிடக்கும் சிற்றூர் அது. மேகமற்ற வானத்துக்குப் பெயர்பெற்ற இடம் என்பதால் உங்களைப் போலவே நானும் தாளில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். முதல் நாள் முழுவதும் தரைப் பயிற்சியில் போயிற்று. அதன்பின் வந்த நாட்களில் ஒரு நாள் மழை, இரண்டு நாள் காற்று, மூன்று நாள் கணுக்கால் வீக்கம். ஊர் திரும்பும்போது என் குறிப்பேட்டில் இருந்தவை 16 குதிப்புகள்தான். மாணவர்களுக்குத் தரைக்காற்று மணிக்கு 14 மைலைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க வான்குதிப்புச் சங்கத்தின் விதி. காலையில் கம்பத்தில் துவண்டு கிடக்கும் காற்றுப்பை பதினொரு மணிக்கெல்லாம் நிமிர்ந்து நின்றுவிடும். அனுபவசாலிகள் அதே காற்றில் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்க, மாணவர்கள் நிழலில் அமர்ந்து அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருப்போம். நாளுக்கு மூன்று என்பது நல்ல நாளுக்கான கணக்கு. பத்து நாளும் நல்ல நாளாக அமைவதை நான் யாருக்கும் கண்டதில்லை.

அதோடு, ஜூலையில் அரிசோனா வேண்டாம். வெயில் 40 பாகையைத் தாண்டும், பிற்பகலில் இடிமழை கட்டும், புழுதிப்புயல் வரும். அக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் இடைப்பட்ட காலத்தில் செல்லுங்கள். அப்போதும்கூட எங்கள் ஊர்ப் பக்கம் பேய்க்காற்று என்பார்களே, அந்தப் புழுதிச் சுழல் சில நாட்களில் எச்சரிக்கையில்லாமல் எழும். தரையில் நிற்பவருக்கு அது கண்ணில் மண்; நூறடி உயரத்தில் வான்குடையோடு இறங்கிக்கொண்டிருப்பவருக்கோ அதனுள் சிக்கினால் குடை மடிந்துபோகும்.

டேண்டத்தில் நீங்கள் அனுபவித்ததையும் இனிக் கற்கப்போவதையும் ஒன்றென்று எண்ணாதீர்கள். அங்கே இருவர் எடை சேர்ந்து வேகம் மிகுந்துவிடாதபடி, வெளியேறியவுடனே ஒரு சிறு குடையை விரித்து ஒருவர் விழும் வேகத்துக்கு, அதாவது மணிக்கு ஏறத்தாழ 120 மைலுக்கு, பயிற்றுநரே கட்டுப்படுத்தியிருப்பார். உயரத்தைப் பார்த்தவர் அவர், திறந்தவர் அவர், இறக்கியவர் அவர். தனியாகக் கற்பிக்கும் ஏ.எஃப்.எஃப். முறையில் முதல் மூன்று குதிப்புகளில் இரண்டு பயிற்றுநர்கள் உங்கள் இருபுறமும் பிடித்துக்கொண்டு வருவார்கள், பிறகு ஒருவர். ஆனால் முதல் நாளிலிருந்தே முதுகில் இருப்பது உங்கள் குடை. அதைத் திறக்கும் கை உங்களுடையது. 13,000 அடியில் வெளியேறி 5,500 அடியில் திறப்பதற்குள் கிடைப்பது முக்கால் நிமிடம். பயிற்றுநர்கள் அத்தோடு விலகிவிடுவார்கள். அதன்பின் ஐந்து நிமிடம் வானத்தில் நீங்கள் தனியர். அதிகம் போனால் தலைக்கவசத்தில் ஒரு ரேடியோ.

தரைப் பயிற்சியில் ஒரு நாளில் பெரும்பகுதி குடை ஒழுங்காகத் திறக்காவிட்டால் என்ன செய்வது என்பதற்கே செலவாகிறது. கூரையிலிருந்து தொங்கும் வாரில் உங்களைக் கட்டி, முகத்துக்கு நேரே முறுக்கிக்கொண்ட குடை, கிழிந்த குடை என்று படங்களைக் காட்டுவார்கள். வடிவம் சரியா, நிலையாக இருக்கிறதா, சொன்னபடி திரும்புகிறதா என்று நீங்கள் உரக்கச் சொல்லிச் சோதிக்க வேண்டும். 2,500 அடிக்குள் சரியாகாது என்றால் வலப்பக்கத்துச் சிவப்புப் பிடியை இழுத்து முதன்மைக் குடையை அறுத்துவிட்டு, இடப்பக்கத்து வெள்ளிப் பிடியை இழுத்து ரிசர்வ் எனும் மாற்றுக் குடையைத் திறக்க வேண்டும். பார், பிடி, இழு என்று நாற்பது முறையாவது செய்யச் சொன்னார்கள். அன்றிரவு விடுதியில் பல் துலக்கும்போது என் வலக்கை தானாக மார்புக்குப் போனது. மற்றவர்கள் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தேன். அவர்களுக்கும் நடந்திருக்க வேண்டும்.

கணுக்கால் கதையைக் கேட்டீர்களானால், அது முழுக்க என் பிழை. விழுவதைப் பற்றியே அஞ்சிக்கொண்டிருந்தவன் இறங்குவதைப் பற்றி அஞ்சவில்லை. 1,000 அடியில் காற்றின் போக்கில், 600 அடியில் குறுக்காக, 300 அடியில் காற்றை எதிர்த்து என்று தரையிறங்கும் பாதை மனப்பாடமாக இருந்தது. கடைசியில் குடையைத் திருப்பப் பயன்படும் இரண்டு பிடிகளையும் ஒருசேரக் கீழே இழுத்துக் குடையின் வேகத்தைக் கொல்ல வேண்டும். அதற்கு உரிய உயரம் பத்தடி, பன்னிரண்டடி. ஏழாம் குதிப்பில் தரை என்னை நோக்கி எழுந்து வருவதுபோலத் தோன்ற, முப்பதடியிலேயே இழுத்துவிட்டேன். குடை நின்றது. பதறிப்போய்ப் பிடியை விட்டேன். குடை முன்னோக்கிப் பாய்ந்தது. பாதியில் நிறுத்திவிட்டால் அப்படியே வைத்துக்கொண்டு, கால்களைச் சேர்த்து உருண்டு விழ வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். தெரிந்ததற்கும் செய்ததற்கும் இடையே இருந்தது ஒன்றரை நொடி.

இப்போது திரும்பும் பயணச்சீட்டு. உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது இதுதான்.

பதினான்காம் நாள் பிற்பகல். மறுநாள் விடியற்காலையில் எனக்கு விமானம். கணுக்காலில் கட்டுடன் விட்டதைப் பிடிக்கும் வெறியில் குதித்துக்கொண்டிருந்தேன். பதினேழாவது குதிப்புக்காக ட்வின் ஆட்டர் விமானத்தில் ஏறியபோது பலகையில் காற்று 12 மைல் என்று இருந்தது, விதிக்கு உட்பட்டதுதான். மேலே போய்க்கொண்டிருக்கையில் சன்னல் வழியே பார்த்தேன்: இறங்கும் திடலின் ஓரமாகப் பழுப்பு நிறத்தில் ஒரு தூண் சாவகாசமாக நடந்துபோனது. அருகில் இருந்த பயிற்றுநரிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, காற்று இன்னும் வரம்புக்குள்தான் இருக்கிறது, முடிவு உன்னுடையது என்றார். நான் குதிப்பதற்கான காரணங்களை மனத்தில் வரிசைப்படுத்தினேன். நாளை இங்கே இருக்க மாட்டேன். கட்டிய பணம் திரும்பாது. பதினாறைவிடப் பதினேழு நல்ல எண். ஊரில் கேட்பார்கள். அவற்றில் ஒன்றுகூட வானத்தைப் பற்றியதோ என் உடலைப் பற்றியதோ இல்லை. எல்லாம் பயணச்சீட்டைப் பற்றியவை. அதை உணர்ந்த கணத்தில், நான் குதிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். பயிற்றுநர் தலையசைத்து விமானியிடம் சொல்லப் போனார்.

கதவு திறந்து மற்றவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். வெறுமையான விமானத்தில் நாங்கள் இருவர் மட்டும். அதுவரை நான் அறிந்திராத ஒன்றை அப்போது தெரிந்துகொண்டேன். மாணவர்களின் பையில் தானியங்கிக் கருவி ஒன்று இருக்கும். உரிய உயரத்துக்குக் கீழேயும் வேகமாக இறங்கிக்கொண்டிருந்தால் அது ரிசர்வைத் தானே திறந்துவிடும். 1991-இல் வந்த ‘சைப்ரஸ்’ தொடங்கி இந்தக் கருவிகள் எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கின்றன. ஆனால் மாணவர்களுக்கான கருவி குறைந்த வேகத்திலேயே விழித்துக்கொள்ளும் என்பதால், விமானம் சரேலென்று இறங்கினால், ஆள் விழுகிறான் என்று எண்ணி உள்ளேயே குடையை விரித்துவிடக்கூடும். ஆகவே ஆட்கள் இருக்கும்போது விமானி மெதுவாக இறக்குவார். அன்று எனக்காக அவர் சாய்ந்து சாய்ந்து வட்டமிட்டு இறக்கினார். தலைகுனிந்து இறங்கினேன். கேலி செய்வார்கள் என்று நினைத்தேன். ஆயிரம் முறைக்கு மேல் குதித்த ஒரு கிழவர் தேநீர்க் கோப்பையை நீட்டிவிட்டு, தானும் அப்படி எத்தனையோ முறை இறங்கியிருப்பதாகச் சொன்னார், அவ்வளவுதான்.

உள்ளூர்க்காரருக்கு இந்தச் சிக்கல் இல்லை. காற்று அடித்தால் வீட்டுக்குப் போய்விட்டு அடுத்த சனிக்கிழமை வருவார். கடல் தாண்டி வந்தவருக்கு அடுத்த சனிக்கிழமை கிடையாது, அதனால் ஆகாத காற்றும் அவருக்கு ஆகும்போலத் தெரியும். எனவே தேதி மாற்றக்கூடிய சீட்டாக வாங்குங்கள். மூன்று வாரம் விடுப்புக் கிடைக்காவிட்டால், உரிமத்தோடுதான் திரும்புவேன் என்று எவரிடமும் சொல்லாமல் கிளம்புங்கள். பயிற்சிக் கட்டணமே 3,000 டாலரைத் தாண்டும் என்பதையும், சறுக்கிய பாடத்தை மறுபடி செய்யத் தனியாகக் கட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கா வரை போகத்தான் வேண்டுமா என்றால், டேண்டம் மட்டும் போதுமென்பவருக்கு வேண்டியதில்லை. ஹரியானாவில் நார்னௌலிலும், முகாம் நடக்கும் காலங்களில் மைசூரிலும் வாய்ப்பு உண்டு. நம் நாட்டுக்கு இதில் மரபும் உண்டு. ரேச்சல் தாமஸ் 1979-லேயே குதித்தவர். ஷீதல் மகாஜன் 2018-இல் பட்டாயாவில் ஒன்பது கஜம் புடவை கட்டிக் குதித்தார். இந்த இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டிருக்கிறது. ஆனால் மாணவர் ஒருவர் ஒரே நாளில் பலமுறை விமானம் ஏறி, விட்ட பாடத்தை அன்றே திரும்பச் செய்யும் வசதிக்கு ஈலாய், கலிபோர்னியாவின் பெர்ரிஸ், ஸ்பெயினின் எம்புரியாபிராவா போன்ற இடங்களுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. போவதற்கு முன் ஹைதராபாத்தில் உள்ள, கீழிருந்து வீசும் காற்றில் ஆளை மிதக்கவிடும் காற்றுச் சுரங்கத்தில் சில நிமிடம் மிதந்து பாருங்கள். உடலை வில்லாக வளைத்து நிலையாக இருக்க அது உதவும். குடையை இறக்குவதற்கு ஒன்றும் உதவாது.

உரிமம் கைக்கு வந்தபின் என்ன என்பதையும் இப்போதே யோசியுங்கள். மாணவர் 30 நாள் குதிக்காமல் இருந்தாலும், ‘ஏ’ உரிமக்காரர் 60 நாள் குதிக்காமல் இருந்தாலும், மறுபடி பயிற்றுநரின் மேற்பார்வையில் தொடங்க வேண்டும். மறு ஆண்டு நான் போனபோது முதல் குதிப்பு அப்படித்தான் அமைந்தது. கோவையில் வாழும் உங்களுக்கு ஒவ்வொரு பயணத்திலும் இது நடக்கும். அவமானமாக எண்ண வேண்டாம், செலவுக் கணக்கில் எழுதிவிடுங்கள்.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். விமான நிலையத்துக்குக் காரில் போவதைவிட இது பாதுகாப்பானது என்று சொல்லும் வழக்கம் குதிப்பவர்களிடம் உண்டு. தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள். 2023-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சுமார் 36.5 லட்சம் குதிப்புகள் நடந்தன, பத்துப் பேர் இறந்தார்கள். எண் சிறியதுதான், ஆனால் கார்ப் பயணத்தோடு ஒப்பிட இது ஏற்றதல்ல, உங்கள் அம்மாவும் எண்ணைக் கேட்கவில்லை. எண்ணைவிட அவருக்குப் பயன்படக்கூடிய செய்தி ஒன்று உண்டு. விபத்துகளில் கணிசமானவை ஒழுங்காகத் திறந்த குடையின் கீழ்தான் நேர்கின்றன: சிறிய, வேகமான குடையை அவசரப்பட்டு வாங்கியவர்கள், தரைக்கு அருகே கூர்மையாகத் திரும்பியவர்கள். குடையை நொடியில் அறுக்க உதவும் மூன்று வளைய அமைப்பைக் கண்டுபிடித்த பில் பூத், கருவிகள் பாதுகாப்பாக ஆக ஆக மக்கள் அதற்கேற்பத் துணிச்சலைக் கூட்டிக்கொள்வார்கள் என்று பாதி கேலியாகச் சொல்வார். உங்கள் ஆபத்தின் பெரும்பங்கு உங்கள் கையில்தான் என்பதை அம்மாவிடம் மறைக்காமல் சொல்லுங்கள். திரும்பும் தேதியை முடிவுசெய்யவில்லை என்றும் சொல்லுங்கள். ஏன் என்பதை விளக்கினால் எண்களைவிட அது அவருக்கு நிம்மதி தரும் என்று நினைக்கிறேன். தாம்பரத்திலிருந்து என் அம்மா நாள்தோறும் தொலைபேசியில் கேட்டது ஒன்றுதான்: “இன்னைக்குக் காத்து எப்படி?” நான்காம் நாளுக்குப் பிறகு பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மாலை நேரங்களை வீணாக்காதீர்கள். முதன்மைக் குடையை மடிக்கக் கற்பது ‘ஏ’ உரிமத்துக்குக் கட்டாயம். ரிசர்வைச் சான்றுபெற்ற ரிக்கர் எனும் குடை வல்லுநர் மட்டுமே 180 நாளுக்கு ஒருமுறை பிரித்து மடிப்பார், அதை நீங்கள் தொடக் கூடாது. புதிய நைலான் துணி விலாங்கு மீன்போல வழுக்கும். அதன்மேல் படுத்துக் காற்றை வெளியேற்றி ஒரு சிறு பைக்குள் அடைக்க எனக்கு முதலில் முக்கால் மணி நேரமும் சட்டை நிறைய வியர்வையும் ஆயின. சளி இருந்தால் ஏறாதீர்கள், காது அடைத்துக்கொள்ளும். எதையும் முதன்முறை செய்தவர் எல்லாருக்கும் ஒரு பெட்டி பியர் வாங்கித் தர வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள குதிதளங்களின் எழுதாத சட்டம். குடிக்காத நானும் நான்கு பெட்டி வாங்கினேன். விமானத்திலேயே இறங்கியதும் முதல்முறை என்று சொல்லி ஐந்தாவது பெட்டிக்கு அடிபோட்டார்கள், கொடுக்கவில்லை.

வரும் ஜனவரி கடைசியில் நான் மீண்டும் ஈலாயில் இருப்பேன். நான் கடைசியாகக் குதித்துப் பதினொரு மாதம் ஆகிறது. எனவே முதல் குதிப்பில் எனக்கும் பக்கத்தில் ஒரு பயிற்றுநர் இருப்பார். ஜூலை விடுப்பை அந்த மாதத்துக்கு மாற்ற முடிந்தால் எழுதுங்கள். மடிப்புப் பாயில் இடம் பிடித்து வைக்கிறேன்.

அன்புடன்.