காதல் பாட்டைக் கேட்டு இறைவனை நினைப்பது குற்றமா?

சமயம் சாராத திரைப்பாடல்களில் தங்களுக்கு இறையுணர்வு கிடைக்கிறது என்றும், வீட்டுப் பெரியவர்கள் அதைக் குற்றமாகப் பார்க்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். குற்றம் என்று நான் கருதவில்லை. அதற்கு நமது சைவமே இடமளித்திருக்கிறது.

மாணிக்கவாசகரின் திருக்கோவையாரில் உள்ள 400 பாடல்களும் அகப்பொருள் பாடல்களே. தலைவனும் தலைவியும் கூடுவதும் பிரிவதும், தோழி இடையில் நின்று தவிப்பதுமாகச் செல்லும் அந்த நூல், திருவாசகத்தோடு சேர்த்து எட்டாம் திருமுறையாகப் போற்றப்படுகிறது. அப்பர் சுவாமிகள் பாடிய திருவாரூர்த் தாண்டகப் பாடல் ஒன்றில் வரும் பெண், முதலில் சிவபெருமானுடைய பெயரையும் பின்னர் அவன் ஊரையும் கேட்டறிந்து, அவன்மீது பித்தாகி, பெற்றோரை அன்றே நீத்து, இறுதியில் தன்னையே மறந்துபோகிறாள். வழிபாட்டில் பஞ்சபுராணம் எனும் ஐந்து திருமுறைப் பாடல்களை ஓதும் வீட்டில் வளர்ந்த எவரும் இதைக் கேட்டு முகம் சுளித்ததில்லை.

1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரமும் இல்லை, பற்றறியும் கிடைக்காது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் இருந்து வரும் மின்சாரத்தில் பாட்டுக் கேட்போம். சுற்றுகிறவரின் கை சோர்ந்தால் பாட்டும் இழுபட்டு அடங்கிவிடும். அவ்வாறு கேட்ட ஒரு திரைப்படத் தாலாட்டு, பரீட்சைப் புள்ளிகளுக்காக மனனம் செய்த தேவாரம் அதுவரை தராத ஒரு துணிவை எனக்குத் தந்தது. அதன் பின்னரே தேவாரத்தின் பொருளும் எனக்குள் இறங்கத் தொடங்கியது.

எங்கள் ஊர்க் கோயில் திருவிழாக்களில் மேளச்சமா எனும் நாதஸ்வர, தவில் கச்சேரி நடக்கும்போதும் இதைக் கவனித்திருக்கிறேன். சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரியும் நீண்ட இராக ஆலாபனையும் முடிந்து, நள்ளிரவை அண்மிக்கும் வேளையில் நாதஸ்வரத்தில் திரைப்பாட்டு ஒலிக்கும். சுவாமிக்கு முன்னால் பணிவின் அடையாளமாக இடுப்பில் சால்வையைக் கட்டி நிற்கும் முதியவர்கள், பாட்டு மாறிவிட்டது என்பதற்காக அதை அவிழ்ப்பதில்லை. (அதே பாட்டை விடியற்காலையில் ஒலிபெருக்கியில் அலறவிடுவதை மட்டும் என்னால் பொறுக்க முடிவதில்லை.)

ஆனால் கண் கலங்குவதெல்லாம் பக்தியாகிவிடாது. கைதேர்ந்த இசையமைப்பாளர் ஒருவர் வயலின்களை ஏற்ற இடத்தில் எழுப்பினால் கடவுள் நம்பிக்கை இல்லாதவரும் அழுவார். பாட்டு எழுப்பிய ஏக்கம், அது முடிந்த பின்னரும் உங்களைத் தானாக வழிபாட்டின் பக்கம் திருப்புகிறதா என்று பாருங்கள். எனக்குத் திருப்பியது, ஆகவே வைத்துக்கொண்டேன். பெரியவர்களோடு வாதிட நேர்ந்தால் திரைப்பாட்டை எடுக்காமல், அப்பரின் அந்தத் தாண்டகத்தையே முதலில் பாடிக் காட்டுங்கள்.