டிவிடி-ஆர்டபிள்யூல பேக்கப்: பழசை டெலீட் பண்ணியும் இடம் ஏன் வரமாட்டேங்குது?

ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்குற ஒருத்தர் கேட்டிருக்கார்: "சார், சனிக்கிழமை ஃபுல் பேக்கப், 2.6 ஜிபி வருது. அப்புறம் தினமும் இன்க்ரிமென்டல் (முந்தின பேக்கப்புக்கு அப்புறம் மாறினது மட்டும்), எல்லாமே ஒரே டிவிடி-ஆர்டபிள்யூல (அழிச்சு திரும்ப எழுதுற டிவிடி). அவுட்லுக்கோட மெயில் எல்லாம் இருக்குற பிஎஸ்டி ஃபைலே 600 எம்பி இருக்கு. புதன்கிழமை ஆனா டிஸ்க் ஃபுல்லுன்னு நிக்குது, திங்கட்கிழமை பேக்கப்பை டெலீட் பண்ணியும் இடம் வரல. என்ன செய்றது?"

முதல்ல, திங்கட்கிழமைதை டெலீட் பண்ணாதீங்க! செவ்வாய்க்கிழமை பேக்கப்ல இருக்குறது திங்களுக்கு அப்புறம் மாறினது மட்டும்தான், திங்கள்ல மட்டும் மாறின ஒரு பேலன்ஸ் ஷீட் இருந்தா அது அந்த திங்கட்கிழமை பேக்கப்ல மட்டும்தான் இருக்கும், நடுவுல ஒண்ணை உருவிட்டா ரீஸ்டோர் பண்றப்போ ஓட்டை விழும். இடம் வராததுக்குக் காரணம் மல்டி செஷன், அதாவது ஒரே டிஸ்க்ல ஒவ்வொரு தடவையும் தனித்தனி செஷனா சேர்த்து எழுதுறது. புது செஷன் எழுதுறப்போ பழைய ஃபைலோட பேரை லிஸ்ட்ல இருந்து எடுத்துடும், அவ்ளோதான், டேட்டா அங்கேயே கெடக்கும். டிஸ்க்கையே மொத்தமா அழிச்சாதான் இடம். டிஸ்க்கை யுடிஎஃப்ங்கிற முறையில ஃபார்மட் பண்ணி பென் டிரைவ் மாதிரி யூஸ் பண்ணா டெலீட் பண்ற இடம் திரும்பக் கிடைக்கும்தான், ஆனா பேக்கப்புக்கு நான் அதை நம்புறதில்ல, பாதியில கரண்ட் போச்சுன்னா மொத்த டிஸ்க்கும் படிக்காமப் போறதுக்கு வாய்ப்பு இருக்கு.

இப்ப கணக்குக்கு வருவோம். அட்டையில 4.7 ஜிபின்னு போட்டிருந்தாலும் விண்டோஸ்ல 4.37தான் காட்டும், அதுல ஃபுல் போக மிச்சம் 1.77. பிஎஸ்டில ஒரே ஒரு மெயில் வந்தாலும் போதும், ஏன் அவுட்லுக்கை சும்மா தொறந்தாலே அந்த ஃபைலோட தேதி மாறிடும், உடனே சாஃப்ட்வேர் 600 எம்பியையும் திரும்ப எழுதும். மூணு நாளுக்கு 1.8 ஜிபி. புதன்கிழமை ஏன் நிக்குதுன்னு புரியுதா? உங்க எக்செல், வேர்டு எல்லாம் பாவம், ஒரு நாளைக்கு 20 எம்பி தாண்டாது.

அதனால பிஎஸ்டியை தினசரி ஜாப்ல இருந்து வெளிய எடுங்க. பழைய வருஷ மெயிலை தனி பிஎஸ்டிக்கு மாத்தி, அதை அவுட்லுக்ல க்ளோஸ் பண்ணி வைங்க (தொறந்தே இருந்தா அதுவும் மாறினதா கணக்காயிடும்). ஓடிட்டு இருக்குற பிஎஸ்டிக்குன்னு ரெண்டு டிஸ்க் தனியா, மாத்தி மாத்தி அழிச்சு எழுதுங்க, எழுதுறப்போ அவுட்லுக் மூடியிருக்கணும்.

மத்த ஃபைலுக்கு இன்க்ரிமென்டல் வேணாம்னுதான் சொல்வேன், டிஃப்ரென்ஷியல் போடுங்க. அது எப்பவும் கடைசி ஃபுல்லுக்கு அப்புறம் மாறினது எல்லாத்தையும் எடுக்கும், நாளுக்கு 20 எம்பின்னு வெச்சா 20, 40, 60ன்னு ஏறி ஆறு நாளுக்கு மொத்தம் 420 எம்பிதான், 1.77ல தாராளமா அடங்கும். ரீஸ்டோருக்கு ஃபுல்லும் கடைசி ஒண்ணும் போதும்.

டிஸ்க் குறைஞ்சது ரெண்டு வேணும், நான் மூணு வெச்சுப்பேன். ஒரே டிஸ்க்கை சனிக்கிழமை அழிச்சு எழுதிட்டு இருக்குறப்போ ஹார்ட் டிஸ்க் போச்சுன்னா கையில ஒண்ணுமே இருக்காது. இந்த வாரம் ஏ டிஸ்க், அடுத்த வாரம் பி டிஸ்க், பி டிஸ்க்ல ஃபுல் எழுதி வெரிஃபை முடியுற வரைக்கும் ஏ டிஸ்க்கைத் தொடவே கூடாது.

இன்னொண்ணு, நிறைய பேர் இதுல மாட்டுவாங்க: டிவிடி-ஆர்டபிள்யூவை க்விக் எரேஸ் பண்ணா ஒரே மூச்சுல எழுதத்தான் விடும், அடுத்த நாள் செஷன் சேர்க்க முடியாது. தினசரி டிஸ்க்குக்கு ஃபுல் எரேஸ்தான், லேட் ஆகும், டீ குடிச்சிட்டு வாங்க. இல்லாட்டி டிவிடி+ஆர்டபிள்யூ வாங்கிடுங்க, அதுல அழிக்குற வேலையே இல்ல, மேலயே எழுதிக்கலாம்.