600 ரூபாய் வாங்கினால் 2,000 ரூபாய் நின்றுவிடுமா?

கேள்வி: என் மகனுக்கு 24 வயது, அறிவுசார் குறைபாடு 60 சதவீதம். மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வருகிறது. இப்போது ஒரு பயிற்சி மையத்தில் காகிதப் பை ஒட்டப் பழகுகிறான். மாதம் 600 ரூபாய் கொடுக்கிறார்கள். "சம்பளம் வாங்கினால் அரசுப் பணம் நின்றுவிடும்" என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். மையத்துக்கு அனுப்புவதை நிறுத்திவிடவா? - ஒரு தாய், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: நிறுத்தாதீர்கள், அம்மா. தமிழக அரசின் இந்த உதவித்தொகை குறைபாட்டின் அளவைப் பார்த்துத் தரப்படுவது. அறிவுசார் குறைபாட்டுக்கு 40 சதவீதம் போதும். உங்கள் மகனுக்கு 60 இருக்கிறது. மையம் தருவது பயிற்சிக்கால ஊக்கத்தொகை. பசை தொட்டு மடிப்பு நேராக வரப் பழகுகிறவன் பயிற்சியாளன்தான், ஊழியன் அல்ல. ஆனால் பணம் தரும்போது மையம் தாளில் என்ன எழுதுகிறது என்று பாருங்கள். பதிவேட்டில் 'சம்பளம்' என்று போட்டுவிட்டு, பிறகு விளக்கம் சொல்ல அலைந்த ஒரு குடும்பத்தை நான் அறிவேன். 'பயிற்சி ஊக்கத்தொகை' என்று மையத்தின் முத்திரையோடு ஒரு கடிதம் வாங்கி, அதன் நகலை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். பின்னாளில் தங்கிப் பயிலும் இல்லத்தில் சேர்ப்பதானால் மட்டும், சேர்ப்பதற்கு முன்பே அந்த அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

வருவாய்த் துறை மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்கும் மாத ஓய்வூதியம் வேறு. இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. யாராவது 'அதையும் எழுதிப் போடலாம்' என்றால் தலையாட்டாதீர்கள். ஆண்டுதோறும் கேட்கும் உயிர்வாழ் சான்றையும் மறக்காதீர்கள். அதைக் கொடுக்காவிட்டால் பணம் நிற்கக்கூடும்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குக் கவலை. 18 வயது முடிந்த மகனுக்குத் தாய் தானாகவே சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. வங்கியில் ஒருநாள் "அவரே கையெழுத்துப் போடட்டும்" என்பார்கள். 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு பாதுகாவலர் சான்று தருகிறது. அந்தச் சான்றை வைத்து வங்கிக் கணக்கு தொடங்கவும் நடத்தவும் ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது. இப்போதே விண்ணப்பியுங்கள். பாஸ்புக்கும் ஏடிஎம் அட்டையும் உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கட்டும். 'நாங்களே எடுத்து வைக்கிறோம்' என்று மையம் கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.

அந்த 600 ரூபாய் பஸ் கட்டணத்துக்கே போகிறதா? சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் அவனுக்கும் டிக்கெட் இல்லை, துணைக்கு வரும் ஒருவருக்கும் இல்லை. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள்.