சான் அகுஸ்தினியோ: சந்தடியில்லாத மெக்சிகோ கடற்கரை ஊர் – கேள்வி பதில்

மெக்சிகோவின் பசிபிக் கரையில், வஹாக்கா மாநிலத்தில் இருக்கும் சான் அகுஸ்தினியோ என்ற சின்ன ஊரைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கான்கூன் பார்த்தாச்சு அண்ணா. ஓட்டல் வரிசையும் சத்தமும்தான் மிச்சம். இந்த ஊர் எப்படி வேறுபடும்? (டல்லாஸ்)

இங்கே ஊரென்று சொன்னால் ஒரே ஒரு தெரு. தெருவுக்கு ஒரு பக்கம் மலைச்சரிவு, மறுபக்கம் நேராகக் கடல். மேற்கே ஒரு கிலோமீட்டர் சொச்சத்தில் மசுந்தே, கிழக்கே சிபோலிதே. அந்த இரண்டும் முதுகுப்பைப் பயணிகளுக்குப் பழகிய ஊர்கள். மசுந்தே 2015இல் அரசின் 'மாய ஊர்' என்ற சுற்றுலா ஊர்கள் பட்டியலில் சேர்ந்ததிலிருந்து கூட்டம் கூடிவிட்டது. நடுவில் இருக்கும் சான் அகுஸ்தினியோ இன்னும் மீனவர் ஊராகவே இருக்கிறது. காலையில் படகுகள் முழு வேகத்தில் வந்து மணலில் ஏறி நிற்கும். மீன் அங்கேயே கைமாறும். தங்குவது இங்கே, சுற்றுவது அக்கம்பக்கத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள் தம்பி, அதுதான் என் யோசனை.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் தனி விசா வேண்டுமா சார்?

செல்லுபடியாகும் அமெரிக்க விசா கையில் இருந்தால் மெக்சிகோ விசா தேவையில்லை. கனடா, பிரிட்டன், ஜப்பான், ஷெங்கன் விசாக்களுக்கும் இதே சலுகை உண்டு. 180 நாள் வரை தங்க அனுமதி தரலாம் என்பதுதான் விதி. எத்தனை நாள் என்பதை விமான நிலைய அதிகாரிதான் முடிவு செய்வார். திரும்பும் டிக்கெட்டையும் தங்குமிட விவரத்தையும் அச்சடித்து வைத்திருங்கள். கிளம்புமுன் தூதரகத் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுவதும் நல்லது.

வஹாக்கா நகரத்திலிருந்து மலைப்பாதையில் வேனில் வரலாமா? அம்மாவும் வருகிறார்கள், அவர்களுக்கு வளைவு ஒத்துக்கொள்ளாது.

அப்படியென்றால் அந்தப் பழைய 175ஆம் எண் சாலை வேண்டாம். சான் ஹோசே தெல் பசிஃபிகோ வழியாக மேகத்துக்குள் ஏறி இறங்கும் பாதை அது. பார்க்க அருமையாக இருக்கும், ஆனால் ஆறு மணி நேரமும் வளைவுதான். 2024 பிப்ரவரியில் புதிய நெடுஞ்சாலை திறந்தபின் வஹாக்காவிலிருந்து புவெர்த்தோ எஸ்கோந்திதோவுக்கு மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். அங்கிருந்து கடலோரமாகக் கிழக்கே வர வேண்டும். அம்மாவுக்கு அதைவிடச் சுலபம் உவாதுல்கோ விமான நிலையம். அங்கிருந்து டாக்சியில் ஒரு மணி நேரம்.

தனியாக வருகிறவர்கள் பக்கத்து நகரமான போச்சுத்லாவில் பஸ் இறங்கி 'கமியோனெத்தா' பிடிக்கலாம். பின்பக்கம் பெஞ்சு போட்டுத் தார்ப்பாய் கட்டிய பிக்கப் வண்டி அது. கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காற்று வாங்கியபடியே வந்துவிடலாம். பணத்தையும் போச்சுத்லாவிலேயே வங்கி ஏடிஎம்மில் எடுத்துவிடுங்கள். சின்னக் கடைகளில் கார்டு எடுபடாது.

குழந்தைகளோடு கடலில் இறங்கலாமா?

இறங்கலாம், ஆனால் இடம் பார்த்து. இது திறந்த பசிபிக். மசுந்தேயின் மேற்கு மூலையில் ரின்கொன்சீத்தோ என்ற ஒதுக்கம் இருக்கிறது, குழந்தைகளுக்கு அதுதான் சரி. சான் அகுஸ்தினியோவில் பாறைகள் அலையைக் கொஞ்சம் தணிக்கும். அப்படியும் இறங்குமுன் படகுக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சிபோலிதேயிலும் மசுந்தேயை ஒட்டிய மெர்மெஹீதா கடற்கரையிலும் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே ஆளைக் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் பலமாக இருக்கும். இழுப்பில் சிக்கினால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாக நீந்தி வெளியே வர வேண்டும். இன்னொன்று: சிபோலிதே ஆடையில்லாமல் இருக்க அனுமதியுள்ள கடற்கரை. குடும்பத்தோடு போகிறவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

சென்னையில் ஆமை நடைக்குப் போயிருக்கிறேன். அங்கேயும் ஆமை பார்க்க முடியுமா?

பெசன்ட் நகர்ப் பக்கம் நீங்கள் பார்த்த அதே பங்குனி ஆமைதான் இங்கேயும். இந்த வட்டாரத்தின் கதையே அந்த ஆமைதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தோலுக்காகவும் கறிக்காகவும் ஆமைகளை அறுக்கும் ஆலை சான் அகுஸ்தினியோவில்தான் இருந்தது. சுற்றுவட்டாரத்துக்கே அதுதான் பிழைப்பு. 1990இல் அரசு கடலாமை வேட்டையை அடியோடு தடை செய்தது. வேலையிழந்த குடும்பங்கள் சும்மா உட்காரவில்லை. மசுந்தேயில் ஆமை ஆய்வு மையமும் காட்சியகமும் வந்தன. பெண்கள் கூட்டுறவாகச் சேர்ந்து எண்ணெய், சோப்பு செய்ய ஆரம்பித்தார்கள், அந்தக் கடை இன்றும் நடக்கிறது. பக்கத்து லா வெந்தானியாவில் ஊர்க்காரர்களே துடுப்புப் படகில் அலையாத்திக் காட்டுக்குள் அழைத்துப்போய் முதலைகளைக் காட்டுகிறார்கள். 1997இல் பவுலினா புயல் அந்தக் காட்டை நாசமாக்கியது. திரும்ப நட்டு வளர்த்தவர்களும் இவர்கள்தான். எனக்கு இந்தக் கரை மேல் இவ்வளவு மரியாதை வந்ததற்கு இதுதான் காரணம். ஆகவே உங்கள் காசு இவர்கள் கைக்கே போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆமைகள் கூட்டமாக முட்டையிட வரும் இடம் மேற்கே உள்ள எஸ்கோபியா கடற்கரை. மழைக்காலத்தில் தொடங்கி ஆண்டு இறுதிவரை, மாதத்தில் சில இரவுகளில் ஆயிரக்கணக்கில் கரையேறும். பின்துடுப்புகளை மாற்றி மாற்றி மணலை அள்ளிக் குழி தோண்டும். நூறு முட்டை அளவுக்கு இட்டு, மணலை மூடி, உடம்பை இடமும் வலமும் சாய்த்துத் திமிசு போடுவது போல இறுக்கிவிட்டுத்தான் கடலுக்குத் திரும்பும். உள்ளூர் வழிகாட்டியோடு மட்டும் போங்கள். வெள்ளை விளக்கு, ஃபிளாஷ் கூடவே கூடாது. ஒளி பட்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும்.

சைவம் கிடைக்குமா?

கிடைக்கும். மசுந்தேயில் யோகா பழகுகிறவர்கள் நிறைய, அவர்களுக்கென்றே சைவக் கடைகள் இருக்கின்றன. உள்ளூர்ச் சாப்பாட்டில்தான் கவனம் வேண்டும். த்லாயூதா என்ற பெரிய மொறுமொறு சோள ரொட்டியில் முதலில் பன்றிக் கொழுப்பைத் தடவுவார்கள். 'சின் அசியெந்தோ' என்று சொன்னால் அதை விட்டுவிட்டு பீன்ஸ், பாலாடைக்கட்டி, அவகாடோ மட்டும் வைத்துத் தருவார்கள். பீன்ஸிலும் பன்றிக் கொழுப்பு இருக்கலாம், அதற்கு 'சின் மந்தேகா'. மீன் சாப்பிடுகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை, மதியம் கரியில் சுட்ட மீனைக் கேளுங்கள், போதும்.

எந்த மாதம் நல்லது?

நவம்பர் பிற்பாதியிலிருந்து மார்ச் வரை. அப்போதுதான் மசுந்தேயை ஒட்டிய புந்தா கொமேதா முனையில் நின்றால் திமிங்கிலம் கண்ணில் படும் வாய்ப்பும் உண்டு. கிறிஸ்துமஸ்–புத்தாண்டையும் ஈஸ்டர் வாரத்தையும் தவிர்த்துவிடுங்கள், மெக்சிகோவே கடற்கரைக்கு வந்துவிடும். மே பாதியிலிருந்து புயல் காலம். 2022 மே கடைசியில் அகதா புயல் இந்தக் கரையில்தான் ஏறியது.

அங்கேயே ஒரு மனை வாங்கிப் போட முடியுமா சார்?

வேண்டாம். மெக்சிகோ அரசியல் சட்டத்தின் 27ஆவது பிரிவுப்படி கடலோரத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள் வெளிநாட்டவர் நேரடியாக நிலம் வைத்திருக்க முடியாது. வங்கி அறக்கட்டளை மூலம் வாங்கலாம் என்பார்கள், தனியார் நிலத்துக்கு அது சரி. இந்த வட்டாரத்தில் இருப்பது ஊர்ப் பொதுநிலம், அதற்கு அந்த வழியும் உதவாது. யாராவது தாள் நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். ஆசை இருந்தால் ஊர்க்காரர் வீட்டில் மாத வாடகைக்கு ஓர் அறை எடுங்கள். கூட்டமில்லாத மே, செப்டம்பர் மாதங்களில் வாடகையைப் பேசிக் குறைக்கலாம்.