வாசகர் கேள்வி பதில்: ஜாக் கிர்பி

கேள்வி: கேப்டன் அமெரிக்கா என்னும் காமிக்ஸ் நாயகனை வரைந்த ஜாக் கிர்பி, இரண்டாம் உலகப் போரில் உண்மையிலேயே போரிட்டவரா?

பதில்: ஆம். ஆஸ்திரியாவிலிருந்து நியூயார்க்கில் குடியேறிய ஒரு யூதத் தையல் தொழிலாளியின் மகனாக 1917இல் பிறந்த கிர்பியின் இயற்பெயர் ஜேக்கப் கர்ட்ஸ்பெர்க். அவரும் ஜோ சைமனும் சேர்ந்து உருவாக்கிய கேப்டன் அமெரிக்காவின் முதல் இதழ், 1941 மார்ச் என்று தேதியிடப்பட்டு அதற்கு முந்தைய டிசம்பரிலேயே கடைகளுக்கு வந்தது. அமெரிக்கா போரில் இறங்குவதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்னரே, அதன் அட்டையில் நாயகன் ஹிட்லரின் முகத்தில் குத்துவிட்டுக்கொண்டிருந்தான். 1943இல் இராணுவத்தில் சேர்க்கப்பட்ட கிர்பி, மறு ஆண்டு ஆகஸ்டில் நார்மண்டியில் இறங்கினார். அவர் ஓவியர் என்று அறிந்த அதிகாரி ஒருவர், பகைவர் நிலைகளை உளவறிந்து வரைபடம் வரைந்துவரும் பணியில் அவரை முன்னே அனுப்பினாராம். இதைப் பிற்காலத்தில் சொன்னவர் கிர்பியேதான். அந்தக் குளிர்காலத்தில் உறைபனியால் கால்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டு, அவற்றை நீக்க நேருமோ என்று மருத்துவர்கள் அஞ்சும் அளவுக்குப் போனது.

கேள்வி: மார்வெல் காமிக்ஸ் நிறுவனத்தின் நாயகர்களைப் படைத்தவர் எழுத்தாளர் ஸ்டான் லீயா, ஓவியர் கிர்பியா?

பதில்: 1961இல் வெளிவந்த ஃபென்டாஸ்டிக் ஃபோர் தொடங்கி ஹல்க், தோர், எக்ஸ்-மென், பிளாக் பாந்தர் வரை இருவரின் பெயரும் சேர்ந்தே வருவதால், இக்கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடையளிக்க இயலாது. ஆயினும் அன்று மார்வெலில் வேலை நடந்த முறையை அறிந்தால் சிக்கலின் வேர் புலப்படும். எழுத்தாளர் முழு வசனப் பிரதியை எழுதித் தருவதில்லை; கதையின் சுருக்கத்தைப் பேசி முடிவு செய்வார்கள், சில வேளை அதுவும் சில வரிகளே. எந்தக் கட்டத்தில் என்ன நிகழ வேண்டும், எந்தக் காட்சியை நீட்ட வேண்டும், எங்கே பக்கத்தை முடிக்க வேண்டும் என்பவற்றையெல்லாம் ஓவியரே தீர்மானித்து, பென்சிலால் இருபது பக்கக் கதையையும் வரைந்து முடித்த பின்னரே, லீ வந்து பேச்சுக் குமிழிகளில் (பலூன்களில்) வசனத்தை நிரப்புவார். கதையை நடத்திச் செல்வதும் எழுத்துதான் என்று ஏற்றுக்கொண்டால், கிர்பியை வெறும் ஓவியர் என்று அழைப்பது பொருந்தாது என்பதே என் கருத்து. இதற்கு வலுவான சான்று 1966இல் வந்த சில்வர் சர்ஃபர்: இருவரும் பேசிக்கொண்ட கதையில் அப்படியொரு பாத்திரமே இல்லை, கிர்பி வரைந்து தந்த பக்கங்களில்தான் அவனை முதன்முதலில் பார்த்ததாக லீயே பலமுறை கூறியிருக்கிறார். அதேசமயம், அந்த நாயகர்கள் பேசிய நகைச்சுவை கலந்த நடையும், வாசகரைத் தோழமையுடன் அழைத்த குரலும் லீயினுடையவை, அதையும் மறுப்பதற்கில்லை.

கேள்வி: கிர்பியின் ஓவியத்தை எப்படி அடையாளம் காண்பது?

பதில்: கட்டத்தைக் கிழித்துக்கொண்டு நம்மை நோக்கி நீளும் கை, சதுரமான விரல் நுனிகள், வெடிப்பையோ விண்வெளி ஆற்றலையோ காட்டத் திரளும் கரும்புள்ளிக் கூட்டம். இவற்றைப் பார்த்தால் போதும்.

கேள்வி: இத்தனை வரைந்தவருக்குச் செல்வம் சேர்ந்ததா?

பதில்: பக்கத்துக்கு இவ்வளவு என்ற கூலிதான் கிடைத்தது, பாத்திரங்களின் உரிமை நிறுவனத்துக்கே சென்றது. மனக்கசப்புடன் 1970இல் போட்டி காமிக்ஸ் நிறுவனமான டிசிக்கு மாறி, தாமே எழுதியும் வரைந்தும் நியூ காட்ஸ் முதலிய தொடர்களைத் தந்தார். டார்க்சைட் அப்போது பிறந்த பாத்திரம். பின்னர் சில ஆண்டுகள் மார்வெலுக்குத் திரும்பினார். அதன் பின் கார்ட்டூன் படங்களுக்கு வரைந்த காலத்தில்தான் நிலையான வருமானமும் மருத்துவக் காப்பீடும் அவருக்கு வாய்த்தன. தாம் வரைந்த மூலப் பக்கங்களைத் திரும்பக் கேட்டபோது, மற்ற ஓவியர்களுக்கு ஒரு பக்கப் படிவத்தை நீட்டிய மார்வெல், இவரிடம் மட்டும் நான்கு பக்க ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்டது. சக கலைஞர்களும் வாசகர்களும் வெளிப்படையாகக் கண்டித்த பிறகு, 1987இல் ஏறத்தாழ 2,000 பக்கங்கள் திரும்பின. அவர் அங்கே வரைந்தவற்றில் அது சிறு பகுதியே. கிர்பி 1994இல் காலமானார். வாரிசுகள் தொடுத்த உரிமைக் கோரிக்கையைக் கீழ் நீதிமன்றங்கள் ஏற்கவில்லை; உச்ச நீதிமன்றம் அதை விசாரணைக்கு எடுப்பதா என்று முடிவு செய்யவிருந்த தறுவாயில், 2014 செப்டம்பரில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. அதன் பின்னரே மார்வெல் இதழ்களில் படைப்பாளர் என்ற வரியில் லீயின் பெயருடன் கிர்பியின் பெயரும் முறையாக அச்சாகி வருகிறது.